ராய்ஸ் கோல்பர்ன் காய்ந்த குளிர்காலம்

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு காலை, துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் கேட்டு ஹெஸ்டர் கோல்பர்ன் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். கூடத்தில் பியானோ நடுவே பிளந்து நின்றது. பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவர் ராய்ஸ் காய்ந்து வற்றி, எடை பதினோரு பவுண்டாகக் குறைந்திருந்தது. பியானோவைச் சரிசெய்ய அடுத்த ஊரில் ஆள் உண்டு. ராய்ஸைச் சரிசெய்யத்தான் யாரும் இல்லை.

வெர்மான்ட் மலைகளின் வடக்கு மூலையில் இருக்கும் டன்மோரில், ஐந்து மாதம் இரும்புக் கணப்பு அணையாமல் எரியும். விறகுச் சூட்டில் வீட்டுக் காற்று காய்ந்துபோகும், உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று பொறி பறக்கும். அதனால் விவரமானவர்கள் கணப்பின் மேல் ஓர் ஆவிச்சட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். ராய்ஸ் தன் வீட்டில் அதை வைக்க விட்டதில்லை. அது சமவெளிக்காரர்களின் சொகுசு என்பது அவர் கட்சி. மலைக்கு வெளியே பிறந்த எவரும் டன்மோருக்குச் சமவெளிக்காரர்தான். நாற்பது வருஷம் குடியிருந்து பேரன் எடுத்தாலும் அந்தப் பெயர் போகாது.

டாக்டர் வந்து பார்த்தார். குடிக்கக் கொடுத்த தண்ணீர், காகிதப் பையில் ஊற்றியதுபோல் ராய்ஸின் குதிகால் வழியே கசிந்தது. ஈரம் காற்று வழியாகத்தான் ஏற வேண்டும், மார்ச் முடிவதற்குள் ஏறாவிட்டால் கணப்பிலிருந்து தெறிக்கும் ஒரு பொறி போதும் என்று சொல்லிவிட்டு, பொறி பறக்குமென்று பயந்து வாசலில் கைகுலுக்காமல் போனார்.

ஹெஸ்டர் முதலில் பழைய சூப் பாத்திரத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் அது வற்றிப்போனது. ராய்ஸ் அரைப் பவுண்டு ஏறினார், அதிலும் வெங்காய வாசனை. பிறகு இரும்புக் கடைக்காரர் ப்ரூயிட்டிடம் போனாள். அவரிடம் இரண்டு வகை இருந்தன: நீல எனாமல் சட்டி ஒன்று, மூக்குத் துளைகளில் ஆவி விடும், டிராகன் உருவத்தில் வார்த்த இரும்புச் சட்டி ஒன்று.

"உள்ளே எனாமல் பூசியிருக்கான்னு பாத்து வாங்குங்க, ஹெஸ்டர். வெறும் இரும்புன்னா பத்து நாள்ல துரு. அப்புறம் ராய்ஸ் கறையோட ஊறி வருவாரு."

டிராகனுக்கு உள்ளே எனாமல் இருந்தது, தண்ணீரும் மூன்று மணி நேரம் தாங்கும். ஹெஸ்டருக்கு அது பிடித்துப்போனது. வீட்டில் ராய்ஸ், சருகு உரசுவதுபோல் இருந்த குரலில், "டிராகனா? அதுக்கு நான் எரிஞ்சே போறேன்" என்றார். "ஊர்க் கூட்டம் முடிவு பண்ணட்டும்."

மார்ச் முதல் செவ்வாயன்று டன்மோர் முழுதும் மண்டபத்தில் கூடி, சாலைச் சரளையிலிருந்து தீயணைப்பு வண்டி வரை கையுயர்த்தித் தீர்மானிக்கும். முப்பத்தொரு வருஷமாக அங்கே எல்லாத் தீர்மானத்தையும் எழுந்து நின்று எதிர்த்தவர் ராய்ஸ். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் பேசுவார். இந்த முறை காற்று அடித்துப் போகாமலிருக்கச் சட்டைப்பைகளில் குதிரை லாடம் போட்டு, துணிக்கூடையில் வைத்து அவரை ஹெஸ்டர் தூக்கி வந்தாள்.

விவாதம் மூன்று மணி நேரம் நடந்தது. டிராகன் என்ற சொல்லை நீக்கிக் கரடி என்று திருத்த வேண்டும் என்றார் ஒருவர். திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருப்பதால் உருகிய பனியைத்தான் ஊற்ற வேண்டும் என்று ஒரு கட்சி கிளம்பியது. பக்கத்து வீட்டு வெர்னா எழுந்தாள்.

"எங்க வீட்ல எனாமல் சட்டிதான். என் புருஷன் நல்லா ஈரமாத்தான் இருக்காரு. என்ன பிரயோஜனம்?"

டிராகனுக்கு ஐம்பத்தெட்டு, சட்டிக்கு ஐம்பத்தெட்டு. கடைசியாகக் கூடையிலிருந்து ராய்ஸின் கை உயர்ந்தது. இரண்டுக்கும் எதிர்ப்பு. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது நிகழ்ச்சி நிரலில் 'பிற விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ் வருவதால், முடிவு எதுவானாலும் யாரையும் கட்டுப்படுத்தாது என்று நினைவூட்டினார். ஊருக்குப் பரம திருப்தி. எல்லோரும் எழுந்துபோய் வேகவைத்த பீன்ஸும் ஆப்பிள் பை பலகாரமும் சாப்பிட்டார்கள். கூட்டம் முடிந்தபோது ராய்ஸ் ஒன்பது பவுண்டு இருந்தார். குரல் அடியோடு போயிருந்தது.

மறுநாள் காலை கடை திறக்கும்போது ஹெஸ்டர் வாசலில் நின்றாள். யாரையும் கேட்காமல் டிராகனை வாங்கி, கணப்பின் மேல் தாங்கி ஒன்றின் மீது நிறுத்தி, பனியை உருக்கி ஊற்றினாள். டிராகன் மூக்கால் பெருமூச்சு விட்டது. மூன்று மணி நேரத்துக்கொரு தரம் எழுந்து ஊற்றினாள், ராத்திரியிலும். ஒரு வாரத்தில் ராய்ஸின் விரல்கள் ஊறவைத்த பீன்ஸ்போல் உப்பின. மார்ச் முடிவில் முப்பது பவுண்டு, ஏப்ரலில் அறுபது, அதன் பிறகு எழுபதை ஒட்டியே நின்றது. இனி பொறி பட்டால் புகைவார், எரியமாட்டார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அடுத்த வருஷத்து ஊர்க் கூட்டத்தில் ராய்ஸ் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எழுந்து வாயசைத்தார். காற்றுகூட வரவில்லை. டன்மோரின் சரித்திரத்தில் முதல் முறையாகக் கூட்டம் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது. அதற்குப் பிறகு காற்று வீசும் நாளில் வேலியோரம் ஒதுங்கிவிடும் ராய்ஸை யார் பார்த்தாலும் கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருஷ இலையுதிர் காலத்தில் ப்ரூயிட் கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. ஹெஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதே டிராகன்தான், ரெட்டைப் பெரிசு. ஒரு தடவை ஊத்தினா விடிய விடியத் தாங்கும். நீங்க நிம்மதியாத் தூங்கலாம், ராய்ஸும் பழைய எடைக்கு வந்துருவாரு."

ஹெஸ்டர் அதன் மூடியைத் திறந்து, உள்ளே எனாமலைத் தடவிப் பார்த்தாள். நல்ல வேலைப்பாடு. மூடியைப் பழையபடி வைத்தாள்.

"எழுபதைத் தாண்டினா அவருக்குக் குரல் வந்துருது, ப்ரூயிட். எனக்குச் சின்னதே போதும்."