விருந்தாளி வாகனம்

"அன்ரி, நான் துஷாரா. காரை நிப்பாட்டிட்டன். நம்பரை அடிச்சு விடுங்கோ."

"எங்க நிக்கிறாய்?"

"உங்கட வாசலடியில இடமில்லை. கொஞ்சம் தள்ளி, பேக்கரிக்குக் கிட்ட."

"பேக்கரிக்கு இங்காலயோ, அங்காலயோ?"

"அங்கால."

"அப்ப பின்னுக்கு எடு, பிள்ளை. பேக்கரிச் சுவரோட எங்கட வலயம் முடிஞ்சுது. அங்கால மற்ற வலயம். அங்க என்ர பேர் செல்லாது. பலகை நட்டு வைச்சிருக்கிறாங்கள், பார்க்கேல்லையே?"

"அந்தப் பலகையை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ரயில் கொப்பன்ஹேகனுக்குப் போயிடும், அன்ரி."

மூன்றாம் மாடி யன்னலில் நின்ற தங்கமலர், சாம்பல் நிறக் கார் ஒன்று பின்னுக்கு வந்து ஒழுங்காக ஒதுங்குவதைப் பார்த்தாள். அந்த இலக்கம் அவளுக்கு மனப்பாடம். கைபேசியில் தட்டி முடித்ததும், 'உங்கள் விருந்தாளியின் வாகனம் பதியப்பட்டது' என்று டெனிஷில் வந்தது. யன்னலூடாகக் கையைக் காட்டினாள். துஷாரா பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் நிலையப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். மேலே பார்க்கவில்லை.

டென்மார்க்கின் வைலே நகரத்தில் ரயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தது அந்தத் தெரு. அங்கே குடியிருப்பவர்கள் அனுமதி எடுத்துத் தங்கள் கார்களை விடலாம். வெளியாட்கள் கொஞ்ச நேரம்தான் விடலாம். ஆனால் குடியிருக்கும் ஒருவர், 'இது என் வீட்டுக்கு வந்த விருந்தாளி' என்று இலக்கத்தைப் பதிந்துவிட்டால், அந்தக் கார் நாள் முழுக்க நிற்கலாம். தங்கமலரிடம் கார் இல்லை. அவள் ஓட்டப் பழகவும் இல்லை. ஆனால் எந்தத் தெரு எந்த வலயம், ஞாயிற்றுக்கிழமை என்ன சட்டம், பலகைக்கு அடியில் இருக்கும் சின்னப் பலகை என்ன சொல்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஊர்க்காரன் கோணேசன் ஒருமுறை தண்டப்பணம் கட்டிவிட்டு வந்து தலையில் கைவைத்தபோது, வரைபடத்தை எடுத்துக்கொண்டு இறங்கித் தெருத்தெருவாக நடந்து படித்தவள். அன்றிலிருந்து ஊர்ச்சனத்துக்கு அவள் 'பார்க்கிங் அன்ரி'.

முதியோர் இல்லத்துச் சலவையறை வேலையும் முடிந்து ஓய்வு வந்த பிறகு, அவளுடைய தொலைபேசி அடிப்பது இதற்காக மட்டும்தான். ஒரு கலியாணத்துக்கென்று லண்டனுக்குப் போன புருசன் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டு தங்கிவிட்டார். அது பழைய கதை. பிள்ளைகள் இல்லை.

அன்று பின்னேரம் குப்பை போட இறங்கியபோது, கீழ்வீட்டு பியர்த்தா படியில் மறித்தாள். தனியாக இருக்கும் டெனிஷ்காரி. இடம் கிடைப்பதில்லை என்று முறையிடப்போகிறாள் என்று தங்கமலர் பயந்துபோனாள்.

"உங்களுக்கு எப்போதும் விருந்தாளிகள்," என்றாள் பியர்த்தா. "ஒன்று போக இன்னொரு கார் வந்து நிற்கிறது. கொடுத்துவைத்தவர் நீங்கள். எனக்குள்ள விருந்தாளி இடம் வருசம் முழுக்கச் சும்மா கிடக்கிறது."

"ஓம், எங்கட ஆக்கள் அப்பிடித்தான். வந்துகொண்டே இருப்பினம்," என்று டெனிஷில் சொல்லிவிட்டுத் தங்கமலர் வேகமாகப் படியேறினாள். ஏறும்போது வலது விலாவுக்குக் கீழே அந்த நோவு மறுபடி கொளுவிப் பிடித்தது.

பித்தப்பையில் கல். மாதக்கணக்காகச் சோறு இறங்கவில்லை, படுக்க முடியவில்லை. அதற்கான சத்திரசிகிச்சைக்கு ஒருவழியாக நாள் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் அடுத்த நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நேர்ஸ் தொலைபேசி எடுத்தாள்.

"வியாழக்கிழமை காலையில் வாருங்கள். மத்தியானமே வீட்டுக்குப் போகலாம். ஆனால் மயக்க மருந்து கொடுப்பதால், வாந்தி, காய்ச்சல் ஏதும் வருகிறதா என்று பார்க்க, மறுநாள் அதே நேரம்வரை வளர்ந்த ஒருவர் உங்களோடு இருக்கவேண்டும். யார் இருப்பார்கள்?"

"ஆக்கள் இருக்கினம்."

"நல்லது. ஒருவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டும்."

"இல்லாட்டி?"

"இல்லாவிட்டால் இரவு தங்கக் கட்டில் ஒழுங்குசெய்யவேண்டும். திகதி தள்ளிப்போகும். எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, முதலில் கோணேசனுக்கு எடுத்தாள்.

"அக்கா! ஆயுசு நூறு. நானே உங்களுக்கு எடுக்க வெளிக்கிட்டனான். வெள்ளிக்கிழமை எனக்குக் கண் டொக்டர், உங்கட பக்கம்தான். பழைய நம்பர்தான்."

"போட்டு விடுறன். கோணேசன், வியாழக்கிழமை உங்கட மனிசிக்கு வேலையோ?"

"ஏன் அக்கா?"

"சும்மா கேட்டனான்."

"அவளுக்கு எண்டைக்கு வேலையில்லை? ரெண்டு இடத்தில ஓடுறாள். நானே அவளை வட்ஸ்அப்பிலதான் காணுறன். உங்களுக்கென்னக்கா, ராசாத்தி சீவியம். வாசல் நிறைய வாகனம், கேக்க ஆளில்லை!"

அவன் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்க விலா வலித்தது.

துஷாராவுக்கு எடுக்க அன்றிரவு மனம் வரவில்லை. துஷாராவின் தாயும் அவளும் ஒரே சலவையறையில் வேலை செய்தவர்கள். தாய் இப்போது மகனோடு சில்க்போர்க் நகரத்தில். அந்த உரிமையில் கேட்கலாம்தான். அவள் யோசித்துக்கொண்டிருக்க, விடிந்ததும் துஷாராவே எடுத்தாள்.

"அன்ரி, வியாழன் கொப்பன்ஹேகன் போறன். இந்தமுறை ஒரு இரவு தங்கி, வெள்ளிதான் வருவன். ரெண்டு நாளைக்கு விடலாமோ?"

"விடு. ஆர் வேண்டாமெண்டது?"

"நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன்! வேற என்ன, அன்ரி?"

கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.

"ஒண்டுமில்லை. குளிருது, கழுத்தை மூடிக்கொண்டு போ."

அதன் பிறகு நேர்ஸுக்கு எடுத்து, துஷாராவின் பெயரையும் இலக்கத்தையும் கொடுத்தாள். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தப் பிள்ளையின் காராவது வாசலில் நிற்கும்தானே.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தபடி அவள் கைபேசியில் இலக்கத்தைத் தட்டிக்கொண்டிருக்க, நேர்ஸ் வந்து கையை நீட்டினாள்.

"அதைத் தாருங்கள். நேரமாகிவிட்டது."

"கொஞ்சம் பொறுங்கோ. என்ர விருந்தாளியின்ர கார். பதியாட்டிப் பிள்ளைக்குத் தண்டம் அடிச்சிடுவாங்கள்."

"ஓ, வந்துவிட்டாரா? அப்படியென்றால் நல்லது," என்று நேர்ஸ் அவள் தோளைத் தட்டினாள்.

மத்தியானம் டாக்ஸி அவளை வாசலில் இறக்கிவிட்டது. சாம்பல் கார் பேக்கரிக்கு இங்கால், சரியான இடத்தில் நின்றது. அதன் முன்மூடியில் கையூன்றி மூச்சு வாங்கிவிட்டு, ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். ஆஸ்பத்திரியில் தந்த மருந்துக் குளிசைகளை மேசையில் வைத்தாள். மேற்சட்டையைக் கழற்றக் கை எழும்பவில்லை. அப்படியே சோபாவில் சரிந்தாள்.

வீட்டுக்குள் இருட்டி, விளக்குப் போடாமலே அவள் கிடக்க, கைபேசி அடித்தது.

"அன்ரி."

"சொல்லு, பிள்ளை. நம்பர் காலமையே போட்டிட்டன். பயப்பிடாத."

"நம்பரை விடுங்கோ. ஆஸ்பத்திரியில இருந்து எனக்கு எடுத்தவை."

தங்கமலர் சோபாவில் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் உங்களோட இருக்கிறனாம். சத்தி எடுக்கிறாவோ, காய்ச்சல் காயுதோ எண்டு என்னட்டைக் கேக்கினம்."

"நீ என்ன சொன்னனீ?"

"என்னத்தைச் சொல்ல? கூட்டத்துக்கு நடுவில நிக்கிறன். நித்திரை கொள்ளுறா, ஒரு பிரச்சினையும் இல்லையெண்டன். சத்தி எடுத்தனீங்களே?"

"இல்லை."

"காய்ச்சல்?"

"இல்லையடி."

"நித்திரை?"

"இப்பதான் கண் அயந்தன்."

"அப்ப நான் பொய் சொல்லேல்லை. நீங்கள்தான் சொன்னனீங்கள். ஏன் அன்ரி என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"கேட்டா ஏலாதெண்டிருப்பாய்."

"ஓம்," என்றாள் துஷாரா. "சொல்லியிருப்பன்."

"சொல்லிப்போட்டு உனக்கு வெக்கமாயிருக்கும். பிறகு நம்பருக்கும் எடுக்க மாட்டாய். வேற எங்கயாவது கொண்டுபோய் விடுவாய். நீயும் எடுக்காட்டி..."

அந்தப் பக்கத்தில் கோப்பைகள் முட்டும் சத்தமும் யாரோ டெனிஷில் சிரிப்பதும் கேட்டன.

"இப்ப வெளிக்கிட்டு வரட்டே?"

"விசர்க்கதை கதையாத. வேலையைப் பார்."

"அப்ப நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னம் வாறன்."

"கார் எடுக்க எப்பிடியும் வருவாய்தானே."

"மேல வாறன் எண்டு சொல்லுறன், அன்ரி."

சொன்னபடியே வந்தாள். அழைப்பு மணி அடித்தபோது தங்கமலருக்கு அது தன் வீட்டு மணிதானா என்று ஒரு கணம் தெரியவில்லை. துஷாரா ஜக்கற்றோடு சோபா விளிம்பில் இருந்துகொண்டு, முன்பின் பார்த்திராத அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"எத்தினை வருசமாக் கீழ விடுறன். மேல இப்பிடி இருக்குமெண்டு தெரியாது."

"ஏன் ஒரு நாளும் வரேல்லை?"

"மலரட்டைப் போனா லேசில விடாள், இடியப்பம் அவிச்சு, சொதி வைச்சு, ரயிலைத் தவறவிட்டுத்தான் அனுப்புவாள் எண்டு அம்மா சொன்னவ."

"கொம்மா என்னை நல்லாத்தான் அறிஞ்சு வைச்சிருக்கிறா. இண்டைக்குப் பயப்பிடாத. என்னாலை எழும்பவே ஏலாது."

இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கதை ஓடவில்லை. தாயின் முழங்கால் நோவைப் பற்றித் தங்கமலர் கேட்டாள், துஷாரா பதில் சொன்னாள். பிறகு, ஆற்றங்கரைப் பக்கத்துத் தெருக்களையும் வலயத்துக்குள் சேர்க்கப் போகிறார்களாம் என்றாள் தங்கமலர். "ஓமோ?" என்றாள் துஷாரா. தொலைபேசியில் அத்தனை தரம் கதைத்த இரண்டு பேருக்கு, நேரே இருக்கும்போது வேறொரு கதையும் இல்லாமல் போய்விட்டது.

"எத்தினை மணி மட்டும் ஆள் நிக்கவேணுமாம்?" துஷாராதான் கேட்டாள்.

"ரெண்டு மணி மட்டும்."

"அப்ப ரெண்டு மணி மட்டும் இருக்கிறன்." ஜக்கற்றைக் கழற்றிக் கதவடியில் கொளுவினாள். "நீங்கள் படுங்கோ."

"நான் விடிய விடியப் படுத்தனான். உன்ர கண்தான் சிவந்து கிடக்கு. நீ சரிஞ்சு படு."

சரிந்தவள் சரிந்தபடியே தூங்கிவிட்டாள். தங்கமலர் எதிர்க் கதிரையில் கால்களை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருந்தாள். வேறொரு ஆளின் மூச்சு வீட்டுக்குள் ஏறி இறங்கியது. கதவடியில் தொங்கிய ஜக்கற்றுக்குள் கைபேசி அதிர்ந்து ஓய்ந்தது, மறுபடி அதிர்ந்தது. அவள் எழுப்பவில்லை. இரண்டு மணியும் தாண்டியது. மார்கழி வானம் வெளுக்காமலே சாம்பலாகி, பிறகு நீலமாகி, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றின.

துஷாரா கண்ணைக் கசக்கிக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

"நேரமென்ன, அன்ரி?"

"ரெண்டாக இன்னும் கிடக்கு."

துஷாரா யன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே தெருவிளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப சரி," என்றுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.