அப்பன் இருக்கிறவர்

மோகனூரில் எண்பது தாண்டியும் அமாவாசை விரதம் இல்லாத ஒரே ஆள் அப்புசாமிதான். ஆடி அமாவாசைக்கு ஊரே காவிரிக்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது அவர் கரும்புக்காட்டில் மடை திருப்பிக்கொண்டிருப்பார். யாராவது வாய் தவறிக் கேட்டால், "அப்பன் இருக்கறவனுக்கு அமாவாசை எதுக்குங்க?" என்பார். கேட்டவர் பேச்சை மாற்றிவிடுவார்.

அவருடைய அப்பன் கருப்பண்ணன் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாச் சண்டைக்குப் போனபோது அப்புசாமி தாய் வயிற்றில் இருந்தார். போனவர் போனவர்தான். செத்தார் என்று ஒரு தந்தி வந்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். வந்ததோ வதந்தி. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவன், கருப்பண்ணன் ரங்கூனில் பர்மாக்காரியோடு குடும்பமும் குட்டியுமாக இருப்பதாகச் சொல்லிவிட்டான். நரம்பில்லாத நாக்கு, எப்படியும் புரளும். தாய் பாவாயி அதை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. சாகும்வரை நெற்றிப்பொட்டை மட்டும் அழிக்கவில்லை. மகன் நம்பினார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'ரங்கூன்' என்றே பட்டப்பெயர். முகம் பாராத அந்த மனிதர்மேல் ஓர் ஆயுளுக்கு வேண்டிய கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தார்.

போன தையில் அப்புசாமிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மகள் பிரபாவிடம் சொன்னார்: "அந்தாளு ஓடிப்போனவனா, செத்தவனான்னு தெரியாம நான் போகக் கூடாது சாமி. நீ கண்டுபுடி. ஓடிப்போயிருந்தாலும் மறைக்காமச் சொல்லோணும்."

பிரபாவுக்குத் தேடுவதில் சிரமமில்லை, கிடைத்துவிடுமோ என்றுதான் பயம். தாத்தாவுக்கு ரங்கூனில் பேரன் பேத்தி இருந்தால் அதை அப்பா முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நாமக்கல்லில் முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்தில் பட்டாள எண் கேட்டார்கள். அது யாரிடம் இருக்கிறது? அங்கிருந்த ஒருவர்தான், போரில் இறந்தவர்கள் பெயர்களெல்லாம் இணையத்தில் இருக்கின்றன, பாருங்கள் என்றார். கருப்பண்ணன்கள் கொத்துக் கொத்தாக வந்தார்கள். ஒவ்வொருவரையும் திறந்து, இவர் இல்லை இவர் இல்லை என்று மூடிக்கொண்டே போனவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். சேலம் ஜில்லா மோகனூர், காளியப்பன் மகன், பாவாயி கணவன். பாவாயி கணவன் என்பதைப் படித்ததும் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு அப்பாவிடம் போனாள். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவள் மகன் நந்தகுமார் தூங்கிக்கொண்டிருந்தான். போர்வெல் வண்டியோடு வடக்கே போய்விட்டு முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தான்.

"அப்பா, அவரு ஓடிப்போகலீங்க. நாப்பத்தி நாலுல, சண்டையிலயே செத்துட்டாருங்க. பர்மாப் பக்கம் ஒரு தூணுல பேரு வெட்டி வெச்சிருக்காங்க. பட்டாளத்துல பாவாயி புருசன்னுதான் பதிஞ்சிருக்காருங்க."

அப்புசாமி அழவில்லை. "சாகறப்ப வயசென்ன?" என்றார்.

"இருபத்தி நாலுங்க."

அங்கேதான் கிழவர் உடைந்தார். இத்தனை வருடம் அவர் மனசுக்குள் சண்டை போட்டதெல்லாம் மீசை நரைத்த, திமிர் பிடித்த ஒரு பெரிய ஆளோடு. கதவு வழியாக உள்ளே பார்த்தார். பேரன் வாயைத் திறந்துகொண்டு, ஒரு கால் பாய்க்கு வெளியே கிடக்கத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நந்துக்கு என்ன வயசாச்சு?"

"இருபத்தி ஆறுங்க."

"இவனுக்கும் சின்னவனா? பச்சப் பையன் சாமி அது. பையனப் போயி நான் இத்தன காலம் வஞ்சுட்டு இருந்தேனே!" தலையில் அடித்துக்கொண்டார். பிரபா கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடி அமாவாசை வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. இணையப் பக்கத்தில் செத்த தேதியும் இருக்கிறதே, அன்றைக்கே வீட்டில் படைக்க வேண்டும் என்றார். செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பதுதான் வழக்கம். கருப்பண்ணனுக்கு என்ன பிடிக்கும்? அதைச் சொல்ல பூமியில் ஒரு உயிரும் பாக்கி இல்லை. அப்புசாமி வெகுநேரம் யோசித்துவிட்டுப் பேரனைக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, உன் வயசுப் பசங்களுக்கெல்லாம் என்ன புடிக்கும்?"

"அது எதுக்குங்க அப்புச்சி? புரோட்டா, முட்டைக் கலக்கின்னு கெடைக்கறதத் திம்போம்."

"அதயே வாங்கிட்டு வா."

படையலுக்குப் புரோட்டாவா என்று பங்காளிகள் முகம் சுளித்தார்கள். அப்புசாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கற்பூரம் காட்டியதும் மற்றவர்கள் விழுந்து கும்பிட்டார்கள். 'எங்களைக் காப்பாத்தப்பா' என்று செத்தவரிடம் கேட்க வேண்டிய பிள்ளை, கும்பிடாமல் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட்டுக் குழம்பை ஊற்றினார். ஊற்றிவிட்டு, எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோலச் சொன்னார்:

"சாப்புடு சாமி. ரொம்பத் தூரத்துல இருந்து வந்திருப்பே. என்னயத் தெரியாது உனக்கு. நாந்தான் உம்பையன்."