உம்மாவுக்கு ஐந்தாவது ஆபரேஷன்

கைப்பேசியில் தன் கபீலின், விசாவுக்குப் பொறுப்பான குவைத்தி முதலாளியின், பெயரைப் பார்த்ததும் சாதிக் பாட்ஷா திரையை உள்ளங்கையால் மூடினார். குவைத் விமான நிலையத்தில், ரோமுக்குப் போகிறவர்களின் வரிசையில், அவருக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர் நின்றார்கள். பக்கத்தில் மனைவி நஜீஹா புது நீல அபாயாவும் புதுச் செருப்புமாக இரண்டு பெட்டிகளுக்குக் காவல் நின்றாள். போனை எடுக்காவிட்டால் சந்தேகம், எடுத்தால் பொய். பொய் பழகிய பாதை என்பதால் எடுத்தார்.

"சாதிக், எங்கே இருக்கிறாய்?" அபூ பஹதின் கனத்த அரபிக் குரல் காதை நிறைத்தது. "கடைக்குப் போனேன். நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டதாக உன் கடைப் பையன் நிஜாம் சொன்னான். உன் தாய்க்கு மக்காவின் ஜம்ஜம் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன். அங்கேயே நில்."

"நான் உள்ளே போயாச்சு, ஹாஜி."

"உள்ளே என்றால் என்ன? என் தங்கை மகன் அங்கேதானே டியூட்டியில் இருக்கிறான். பத்து நிமிஷத்தில் வருகிறேன். யல்லா."

போன் அணைந்தது. சாதிக் பாட்ஷா வரிசையை எண்ணினார். இப்போதும் பதினோரு பேர்தான்.

குவைத்தின் அப்பாசியாப் பகுதியில் அவர் நடத்தும் பலசரக்குக் கடை இருபத்து மூன்று வருஷக் கடை. சரக்கு அடுக்கும் ராக்குகளை அடித்ததும் அவர்தான், கடன் சொல்லி முதல் சரக்கு இறக்கியதும் அவர்தான். ஆனால் லைசென்ஸ் அபூ பஹதின் பெயரில் இருக்கிறது. காகிதத்தில் சாதிக் பாட்ஷா அந்தக் கடையில் வேலை பார்க்கும் ஒரு சேல்ஸ்மேன், அவ்வளவே. அந்தத் தெருவில் பாதிக் கடைகளின் கதை இதுதான். கபீல் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைக்காரர் வெறும் சட்டையோடு ஊருக்குப் போக வேண்டியதுதான். அதனால் இந்தத் தொழிலில் ஒரு நியதி உண்டு. கடை நன்றாக ஓடுகிறது என்பது கபீலுக்குத் தெரியவே கூடாது. சாதிக் பாட்ஷா அதில் கைதேர்ந்தவர். கபீல் வீட்டில் ஆண்கள் கூடிப் பேசும் திவானியாவுக்குப் போகும்போதெல்லாம் மூன்று நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். ஊரில் கட்டிய மாடி வீட்டைத் தம்பியுடையது என்று சொல்லி வைத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் யஹ்யா, வாப்பா உம்மாவின் முப்பதாவது கல்யாண வருஷத்துக்கு ஒரு சொகுசுக் கப்பல் பயணத்தைப் பதிவுசெய்து அனுப்பினான். ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் ஏறி, நேப்பிள்ஸ், மெஸ்ஸினா, பலெர்மோ, கடைசியில் ஜெனோவா. எட்டு நாள், பால்கனி வைத்த அறை. விசாவுக்கான காகிதங்களையும் அவனே பார்த்துக்கொண்டான்.

நஜீஹா அன்றிலிருந்து வேறு ஆளாகிப் போனாள். கீழக்கரையில் பிறந்தும் கடலில் கால் நனைத்ததோடு சரி. அப்பாசியாவில் அவர்கள் இருக்கும் ஃபிளாட்டில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரியும். இப்போது அவள் எந்த நாள் எந்தத் துறைமுகம் என்பதைப் பாடம் மாதிரி ஒப்பித்தாள். "நம்ம பக்கத்து மொளகெல்லாம் அந்தக் காலத்துல ஜெனோவாவுலதான் போய் எறங்குமாம் மச்சான்," என்று கடைக்கு வருகிறவர்கள் காதிலும் விழும்படி சொன்னாள். சாதிக் பாட்ஷா அவளைச் சத்தம் போடாதே என்று அடக்கினார்.

முன்பெல்லாம் வாயால் லீவு கேட்டால் போதும், பறந்துவிடலாம். இப்போது சட்டம் மாறிவிட்டது. கம்பெனி விசாவில் இருப்பவன் நாட்டை விட்டு வெளியே போக வேண்டுமென்றால், கைப்பேசியில் மனுப் போட்டு, கபீல் அதே கைப்பேசி வழியாகச் சம்மதம் கொடுக்க வேண்டும். ஒரு பலசரக்குக் கடை சேல்ஸ்மேன் இத்தாலிக்குக் கப்பலில் சுற்றப் போகிறேன் என்று எப்படிக் கேட்பான்? ஆகவே அவர் ஏற்கெனவே நான்கு முறை செய்ததையே செய்தார். உம்மாவுக்கு ஆபரேஷன் வைத்தார்.

கீழக்கரையில் இருக்கும் உம்மா ஜுலைஹா பீவிக்கு வயது எழுபத்தெட்டு. ஆஸ்பத்திரிப் படியை மிதித்தவரல்ல. ஆனால் குவைத்தில் அவருக்குக் குடலிறக்கம், பித்தப்பை, கண்புரை, முழங்கால் என்று நான்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. நான்கு முறையும் அபூ பஹத் கேட்ட அன்றே லீவு கொடுத்தார். அந்த லீவில் சாதிக் பாட்ஷா துபாய்க்குப் போனார், துருக்கிக்குப் போனார், கூட்டாளிக் கல்யாணத்துக்குக் கொழும்பு போனார். உம்மாவைப் பார்க்கப் போனது ஒரே ஒரு முறை.

அவர் குனிந்து பெட்டிகளில் கட்டியிருந்த கப்பல் படம் போட்ட அட்டைகளைப் பிய்க்க ஆரம்பித்தார்.

"என்ன மச்சான் செய்றீங்க?"

"கபீல் வர்றாரு. நீ வாயத் தொறக்காத. நாம ஊருக்குப் போறோம். உம்மாவுக்கு ஆபரேஷன்."

நஜீஹா அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். "மறுபடியுமா? இந்தத் தடவ எந்த எடம்?"

"நெஞ்சு."

"யா அல்லாஹ். நெஞ்சயும் விட்டு வைக்கலியா?"

அவர் அடுத்த அட்டையை இழுத்தார். அட்டையின் நூல் அறுபடாமல் விரலை வெட்டியது. அப்போது கூட்டம் விலக, வெள்ளை அங்கியும் கைத்தடியுமாக அபூ பஹத் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சீருடை போட்ட தங்கை மகன் ஜம்ஜம் தண்ணீர் கேனைச் சுமந்து வந்தான். வேகமாக நடந்ததில் கிழவருக்கு மூச்சு வாங்கியது.

சலாம் சொல்லித் தோளைத் தழுவியவர், கவுண்டருக்கு மேலே எரிந்த எழுத்துகளைப் பார்த்தார். "இது ரோம் வரிசை அல்லவா?"

"ட்ரான்சிட், ஹாஜி," என்றார் சாதிக் பாட்ஷா தன் உடைந்த அரபியில். "டிக்கெட் ரகீஸ். மலிவு."

சென்னை வழியாக ஊருக்குப் போகிறவன் ரோமைச் சுற்றிக்கொண்டு போகிறான் என்பதை ஒரு சின்னப் பிள்ளை கூட நம்பாது. அபூ பஹத் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் அவர் முகமும் இருண்டது.

"தாய் நெஞ்சு திறந்து கிடக்கப் போகிறாள், நீ நாலு தீனார் மிச்சம் பிடிக்க உலகத்தைச் சுற்றிப் போகிறாயா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" அவர் தங்கை மகன் பக்கம் திரும்பினார். "நேராகச் சென்னைக்கு எப்போது?"

"ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது, மாமா."

"இரண்டு சீட் போடு. கலாஸ், முடிந்தது. சாதிக், பாஸ்போர்ட்டை எடு."

சாதிக் பாட்ஷாவின் கை இடுப்புப் பைக்குப் போனது. இரண்டு பாஸ்போர்ட்டும் அதில்தான் இருந்தன. மறுத்தால் ஏன் என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் கடை போகும். இருபத்து மூன்று வருஷக் கடையா, எட்டு நாள் கப்பலா? அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. சென்னைக்கே போய்விடலாம், நஜீஹாவுக்கு ஒரு வளையல் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார். அவள் பக்கம் திரும்பத்தான் தைரியம் வரவில்லை.

அபூ பஹத் அவர் தோளில் கைபோட்டார். "பயப்படாதே. நேற்று திவானியாவில் எல்லோரும் உன் தாய்க்காக இறைவனிடம் கையேந்தினோம். என் வீட்டுக்காரி இன்று நோன்பு வைத்திருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி, வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஒரு தாயின் உயிர் என்கிறாள்."

"யா ஹாஜி."

நஜீஹாவின் குரல். அவள் ஊரில் பெண்கள் மதரஸாவில் ஏழு வருஷம் ஓதியவள். அவளுடைய அரபி, கணவருடைய கடை அரபி மாதிரி நொண்டாது.

"உங்கள் வீட்டுக்கு உடனே போன் போடுங்கள். அவர்களை நோன்பை முறிக்கச் சொல்லுங்கள். என் மாமிக்கு ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறார்கள்."

சாதிக் பாட்ஷா கையைக் காட்டி அவளைத் தடுக்கப் பார்த்தார். அவள் பேசிக்கொண்டே போனாள். மகன் எடுத்துக் கொடுத்த கப்பல், ரோம், பலெர்மோ, ஜெனோவா என்று ஒன்றையும் விடவில்லை. அபூ பஹத் முழுவதையும் கேட்டார். பிறகு கைப்பேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "தண்ணீர் குடி. குடித்துவிட்டு எனக்குச் சொல்," என்று மட்டும் சொன்னார்.

போனை அவர் பைக்குள் வைக்கவில்லை. சாதிக் பாட்ஷா அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு பொத்தானை அழுத்தினால் பயணம் ரத்து. இன்னொரு பொத்தானை அழுத்தினால் விசா, கடை, வாழ்க்கையே ரத்து. ஒரு மனுஷன் கையில் இவ்வளவைக் கொடுத்து வைத்தது யார் என்று யாரும் யாரையும் கேட்க முடியாது.

"இத்தனை வருஷத்தில் நான் உனக்கு லீவு இல்லை என்று சொன்னதுண்டா?"

"இல்லை, ஹாஜி."

"பிறகு ஏன் உன் தாயை இழுத்தாய்?"

சாதிக் பாட்ஷா பிய்த்த அட்டையைக் கைக்குள் மடக்கினார். பயம் என்று சொல்லலாம். ஆனால் இந்த மனுஷர் பயமுறுத்தி அவர் பார்த்ததில்லை.

"அவளைக் கடைசியாக எப்போது பார்த்தாய்?"

"மூணு வருஷம் ஆச்சு."

கிழவர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "தாயைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லித்தானே என்னிடம் சம்மதம் வாங்கினாய்? அப்படியானால் போய்ப் பார். சென்னைக்குப் போய்வந்தால் உன் கடை உனக்கு. கப்பலில் ஏறினால் திரும்பி வந்து சாவியை நிஜாமிடம் கொடுத்துவிடு."

"போறோம் ஹாஜி. ரெண்டு பேருமே போறோம்." வார்த்தை முந்திக்கொண்டு வந்தது.

"ரெண்டு பேரா?" என்றாள் நஜீஹா தமிழில். பிறகு அபூ பஹதிடம் அரபியில் கேட்டாள். "நான் போகவும் உங்கள் சம்மதம் வேண்டுமா, ஹாஜி?"

"உன் விசா என் பெயரில் இல்லையே, மகளே. உன் கணவன் பெயரில்தான் இருக்கிறது."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "அப்ப எனக்குக் கபீல் நீங்கதான். என் பாஸ்போர்ட்டக் கொடுங்க."

"நஜீ, தனியா ஒரு பொம்பள, தெரியாத ஊரு… ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஒங்க பொய்க்கெல்லாம் கூட நின்னேனே, அப்ப ஊரு என்ன பேசுச்சு? இந்தப் பயணத்துக்கு நான் ஒரு பொய்யும் சொல்லல மச்சான்."

அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வரிசையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சாதிக் பாட்ஷா இடுப்புப் பையின் ஜிப்பைப் பிடித்தபடி நின்றார். இழுத்து மூடிவிடலாம். யாரும் கேட்க முடியாது, சட்டம் அவர் பக்கம். அபூ பஹதின் கட்டைவிரலுக்காகச் சற்றுமுன் தான் நின்ற மாதிரியே இவள் நிற்கிறாள் என்று சாதிக் பாட்ஷாவுக்கு உறைத்தபோது, நெஞ்சுக்குள் உண்மையிலேயே ஏதோ அறுபட்டது. முப்பது வருஷமாக இவளும் இப்படித்தானே நின்றிருக்கிறாள்.

பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். தேவைப்படும் என்று பையிலிருந்த யூரோ நோட்டுகளையும் சேர்த்து அவள் கையில் திணித்தார். நஜீஹா இரண்டையும் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"மருந்த நேரத்துக்குப் போடு," என்றார்.

"போடுறேன். மாமிக்கு என் சலாம் சொல்லுங்க."

அவள் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். தங்கை மகன் அவருடைய பெட்டியையும் கேனையும் எடுத்துக்கொண்டு சென்னைக் கவுண்டருக்கு வழிகாட்டினான். அங்கே அவருக்காக ஓர் ஆள் தயாராக நின்றான், வரிசையே இல்லை.

நாளைக் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் போய் நிற்கும்போது உம்மா என்ன கேட்பார் என்பது சாதிக் பாட்ஷாவுக்குத் தெரியும். மூன்று வருஷமாக வராத மகன் திடீரென்று தனியாக வந்து நின்றால் எந்தத் தாயும் அதைத்தான் கேட்பாள்.

"ஒனக்கு ஒடம்புக்கு என்ன வாப்பா?"