டிஸ்கோவுக்குத் திருநீறு

மட்டாஞ்சேரியில் செல்லதுரைக்கு இரண்டு மரியாதைகள் உண்டு. மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் 'மிஸ்டர் துரை'. வேர்த்து ஒழுகினாலும் டை கட்டிக்கொண்டு வருகிற ஒரே குமாஸ்தா. தமிழர் தெருவில் சுடலைமாடன் கோவில் கோமரத்தாடி. வருஷா வருஷம் நடக்கும் கொடைத் திருவிழாவில் மேளம் முழங்கினால் மாடன் இவர் மேல்தான் இறங்குவார், இவர் வாயால்தான் குறி சொல்வார். இறங்கிய சாமி தானாகப் போகாது. மனைவி அங்கம்மாள் நெற்றியில் திருநீறு பூசினால்தான் மலையேறும். புருஷனின் முழங்கால் தளர்கிற நேரம் பார்த்து அவளும் சரியாக வந்து பூசிவிடுவாள்.

சாமியாடுகிற விஷயம் கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் காட்டான் என்று நினைத்துவிடுவார்களே என்று செல்லதுரைக்குப் பயம். கொடைக்கு லீவு கேட்கும்போதெல்லாம் வயிற்றுவலி என்றுதான் எழுதிக் கொடுப்பார்.

எண்பத்திரண்டாம் வருஷம், பம்பாயிலிருந்து கோஷி என்று ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தார். தேவராவில் திறக்கப்போகும் புது ஆபீஸுக்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும், நாலு பேரோடு கலந்து பழகத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்றார். கையோடு, "சனிக்கிழமை சாயங்காலம் கோட்டைக் கொச்சி கிளப்பில் பார்ட்டி. எல்லாரும் மனைவியோடு வரணும். டிஸ்கோ உண்டு" என்றும் சொன்னார். ஆடுகிறவனுக்குத்தான் நாற்காலி என்று செல்லதுரைக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. இந்த மாதிரி விஷயங்களில் அவர் மூளை நன்றாக வேலை செய்யும்.

டிஸ்கோ என்றால் என்ன என்று டைப்பிஸ்ட் கங்காவிடம் மெல்ல விசாரித்தார்.

"ஸ்டெப்பு கிப்பு ஒண்ணும் வேண்டா சாரே. தாளம் கேட்டா உடம்பு தன்னால ஆடும். நம்ம விட்டுக் கொடுத்தாப் போதும்."

செல்லதுரைக்குச் சிரிப்பு வந்தது. உடம்பு தன்னால் ஆடுவதா? அதில்தானே அவருக்கு இத்தனை வருஷ சர்வீஸ்!

கிளப்பில் கலர் விளக்குகள் சுழன்றன. கோஷியின் மனைவி செல்லதுரையின் கையைப் பிடித்து நடுவே இழுத்துவிட்டாள். முதலில் துணி மடித்து வைக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டி மடக்கினார். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அப்போது பாட்டில் டிரம்ஸ் ஏறியது. கால் ஓங்கித் தரையில் விழுந்தது. தோள் குலுங்கியது. நாக்கைத் துருத்திக் கடித்துக்கொண்டு, கண்ணை மேலே செருகி, "ஹூய்ய்ய்!" என்று கிளப்பே அதிர ஒரு கூப்பாடு போட்டார்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகி வட்டம் கட்டிக் கைதட்டினார்கள். "துரை, சூப்பர்! இது பம்பாயில்கூட இல்லை!" என்று கோஷி கத்தினார். செருகிய கண்ணுக்குள் தேவரா ஆபீஸின் சுழல்நாற்காலி செல்லதுரைக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மூலையில் கட்லெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த அங்கம்மாளும் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மடியில் எப்போதும் இருக்கும் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி நேராக வட்டத்துக்குள் நுழைந்தாள்.

"வந்திருக்கது யாரு? கோவில விட்டு இங்க வர நாங்க என்ன குத்தம் செஞ்சோம்?"

டேப் போடுகிறவன் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிட்டான். சமையலறைக் கதவு திறந்தது. ஈரக் கையோடு பிச்சைமணி ஓடி வந்தான். அதே தமிழர் தெருக்காரன், கிளப்பில் சமையல்காரன். செல்லதுரையின் பளபளக்கும் ஷூவின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"மாடா! அடுத்த கொடைக்குள்ள தொட்டில் கட்டுவேன்னு வாக்கு கொடுத்தியே. இந்தத் தடவையும் கரு தங்கலியே சாமி! ஒரு வழி சொல்லு!"

செல்லதுரை கண்ணைச் சரிசெய்துகொண்டார். "டேய், எந்திரி. சாமி இல்லடா. இது டிஸ்கோ."

பிச்சைமணி படுத்தபடியே நிமிர்ந்து பார்த்தான். "அதே காலு, அதே நாக்கு, அதே கூப்பாடு. அப்ப கொடைக்கு ஆடினது எந்தா அண்ணாச்சி?"

இதற்குச் செல்லதுரையிடம் பதில் இல்லாமல் இல்லை. முதல் வருஷம் நிஜமாகவே ஏதோ வந்தது. உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. அப்புறம் வராத வருஷங்களிலும் மேளக்காரன் அடித்தான், ஜனம் காத்திருந்தது, ஆடினார். இதை எங்கே சொல்ல?

"யார் துரை இவன்? என்ன வேணுமாம்?" என்று கோஷி முகம் சுளித்தார்.

"தெரியாது சார்" என்றார் மிஸ்டர் துரை. "குடிச்சிருக்கான்."

இரண்டு ஆட்கள் பிச்சைமணியை இழுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீரைத் தவிர வேறு எதையும் குடிக்காதவன் அவன். மறுநாள் முதல் அவனுக்கு அங்கே வேலையும் இல்லை. திரும்பப் பாட்டுப் போட்டார்கள். செல்லதுரை திரும்ப ஆடினார். அங்கம்மாள் பொட்டலத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

தேவரா நாற்காலி கிடைத்தது. கிளப் கதை தெருவெல்லாம் பரவிய பிறகும், வெட்கம் கொஞ்சம்கூட இல்லாமல் கொடைக்கும் வந்தார் மனுஷன். அந்த மரியாதையையும் விட மனசில்லை. மேளம் அடித்தார்கள், ஆடினார். "கேளுங்கடா!" என்று கர்ஜித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. மூச்சு இரைத்தது, முழங்கால் வெடவெடத்தது. செருகிய கண்ணை லேசாகத் திறந்து அங்கம்மாளைத் தேடினார். பிச்சைமணியின் பெண்டாட்டி பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். மடியில் பொட்டலம் இருந்தது. கை அதைத் தொடவில்லை.

மேளக்காரனுக்கே பாவமாகப் போய்விட்டது. "அக்கா, திருநீறு" என்றான்.

"எதுக்கு?" என்றாள் அங்கம்மாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "நீ மேளத்த நிறுத்து. அவரு தன்னால நின்னுடுவாரு."