கலக்காத பால்

தொட்டியில் பால் அசையாமல் நின்றால் கொழுப்பு மெல்ல மேலே ஏறிவிடும். மேலே கெட்டி, அடியில் தண்ணி. அதனால்தான் குளிரூட்டும் தொட்டிக்குள் ஒரு கலக்கி சுழல்கிறது. அது கொஞ்ச நேரம் ஓடிவிட்டால் எங்கே மொண்டாலும் ஒரே பால்தான்.

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு தனியார் பால் நிலையத்துக்கு மேனேஜராக வந்த ஆக்சிலியாவுக்கு இது தெரியாததில்லை. ஆனாலும் அவள் பார்த்து அனுப்பிய அளவும், டேங்கர் தருமபுரி பெரிய ஆலைக்குப் போனதும் அங்கே பார்த்த அளவும் இரண்டு தடவை ஒத்துப்போகவில்லை. அங்கே கொழுப்பு குறைவு. வழியில் யாராவது தண்ணீர் ஊற்றினால்தான் அப்படி வரும் என்பது அவர்கள் கணக்கு.

"இன்னொரு தரம் வந்துச்சுன்னா விசாரணைதாம்மா" என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

நிலையத்தில் மோட்டாரும் வால்வும் மாது அண்ணனின் பொறுப்பு. மேனேஜர் நாற்காலி தனக்குத்தான் என்று வருஷக்கணக்காக நம்பியிருந்தவர். கேன் இறக்கும் சந்திரமோகனும், தொட்டி கழுவும் காவேரியும் அவர் பக்கம். ஆக்சிலியா உள்ளே வந்தால் பேச்சு அவளுக்குப் புரியாத தெலுங்குக்கு மாறும். பிறகு ஒரு சிரிப்பு. டீ மற்றவர்களுக்குச் சூடாக வரும், அவளுக்கு ஆறி வரும். "டீச்சரம்மா, இதுக்குப் புஸ்தகத்துல என்னங்க போட்டிருக்கு?" என்பான் சந்திரமோகன். 'ங்க'வில் மட்டும் குறை வைக்க மாட்டான்.

அன்று காலையும் டேங்கர் வந்து நின்றது. அதில் பாலை ஏற்றிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பலாம்.

"கலக்கி ஓடிச்சுங்களா, மாதண்ணா?"

"ஓடிச்சுங்க மேடம். இப்பத்தான் நிறுத்தினேன்."

தினமும் இதே பதில். மூடியைத் திறந்து நீளக் கரண்டியை விட்டாள். கரண்டியில் மஞ்சளாக ஏடு ஒட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் மேலே மொண்டதை மட்டும்தான் அளந்து அனுப்பியிருந்தாள். இப்போது அடிக்குழாயிலும் கொஞ்சம் பிடித்து, இரண்டையும் கொழுப்பு பார்க்கும் மெஷினில் வைத்தாள். மேல்பால் ஒன்று சொன்னது, அடிப்பால் வேறொன்று சொன்னது.

தருமபுரிக்குப் போன் போடலாம். கூட இருக்கிறவர்களைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லை என்பார்கள். அவள் நாற்காலியை இழுத்துத் தொட்டியோரம் போட்டு, தானே சுவிட்சைத் தட்டினாள்.

"ஓடட்டுங்க. மேலயும் கீழயும் ஒண்ணா வந்தாத்தான் வால்வைத் திறக்கணும்."

டேங்கர் டிரைவர் ஹாரன் அடித்தார். "பால் கெட்டுருங்க மேடம்" என்றான் சந்திரமோகன்.

"குளிர்ல இருக்கற பாலு கெடாதுங்க. நாமதான் வூட்டுக்கு லேட்டாப் போவோம்."

காவேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாது திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். வெளியே கம்பைநல்லூர் பஸ் போயிற்று. மாது வழக்கமாக ஏறும் பஸ் அது.

மறுபடி இரண்டு இடத்திலும் பால் எடுத்தாள். "நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

மாது மெஷின் பக்கம் குனிந்தார். "ரெண்டும் ஒண்ணுதாங்க."

"முன்னாடி எப்படிங்க ரெண்டா வந்துச்சு?"

"மோட்டார் மக்கர் பண்ணுதுங்க போல."

"இருக்கும். இனிமே தினம் நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். மக்கர் பண்ணாது."

அன்று சாயங்காலம் தருமபுரியிலிருந்து போன் வரவில்லை. அளவு ஒத்துப்போனால் யாரும் போன் பண்ணுவதில்லை.

மறுநாள் அவள் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே கலக்கி ஓடும் சத்தம் கேட்டது. அவளைக் கண்டதும் பேச்சு தெலுங்குக்கு மாறியது. டீயும் ஆறித்தான் வந்தது. நாற்காலியைத் தொட்டியோரம் இழுத்துப் போட்டு, டம்ளரைச் சுழற்றி அடியில் கிடந்த சர்க்கரையைக் கரைத்துக் குடித்தாள்.