நான்காவது மாடிக்கு வந்த முதியோர் இல்லம்

மால்டாத் தீவின் ஸ்லீமா கடற்கரைச் சாலையில், ஆன்லைன் சூதாட்டக் கம்பெனி ஒன்றின் நான்காவது மாடியில், அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஓர் அண்டா பட்டாணி சூப் வந்து இறங்கியது. யாரும் தூக்கி வரவில்லை. லிஃப்டும் அன்று பழுது. இலேனியா கமிலேரியின் மேசைக்கும் பிரிண்டருக்கும் நடுவே, தரையைத் தொடாமல் ஆவி பறக்கக் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு உட்கார்ந்தது. சும்மா வருவதை அந்தக் கம்பெனியில் யாரும் விசாரிப்பதில்லை என்பதால் மதியத்துக்குள் அண்டா காலி. உப்பு கம்மி என்பது பொதுக் கருத்து. அடுத்த வியாழனும் வந்தது. நடுவில் சக்கர நாற்காலிகள் வந்தன, கம்பளிப் போர்வைகள் வந்தன, சுருதி விலகிய பியானோ ஒன்று வந்தது. நாற்காலிகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். பியானோவைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டி, 'காலில் இடிக்கும் அபாயம்: நடுத்தரம்' என்று எழுதி வைத்தார்கள். அபாயத்தை மதிப்பிட்டாகிவிட்டது அல்லவா, அத்தோடு அபாயம் தீர்ந்தது.

இலேனியாவின் உத்தியோகம், பெருந்தொகை கட்டி விளையாடுகிறவர்களிடம் 'இந்தப் பணம் தங்களுக்கு எங்கிருந்து வந்தது' என்று பணிவாகக் கேட்பது. திருட்டுப் பணம் சூதாட்டத்தில் புகுந்து நல்ல பணமாக வெளியே வரக்கூடாது என்பதற்காக, உரிமம் வாங்கிய ஒவ்வொரு கம்பெனியும் இப்படி ஓர் ஆளை வைத்தாக வேண்டும் என்கிறது மால்டாவின் சட்டம். கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது, கம்பெனி கேட்டது. பதிலை நம்பாமல் இருக்கலாம் என்பதை மட்டும் கம்பெனி அவளிடம் சொல்லவில்லை. ஒரு நாள் நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு தகடு: கூசினியெமி நகராட்சி முதியோர் இல்லம். ஃபின்லாந்தின் வடக்கு மூலையில் இருந்த அந்த ஊரில் கம்பெனிக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான், யோர்மா யுலிதாலோ. அந்த இல்லத்தின் பொருளாளர். அவர் பணம் போடும் அதே நிமிடத்தில், அந்தப் பணத்தில் இல்லத்துக்கு எது வாங்கப்பட்டிருக்க வேண்டுமோ அது ஸ்லீமாவில் வந்து இறங்குகிறது. இரண்டு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

சந்தேகத்தை அரசுக்கு அனுப்பும் கையெழுத்து அவளுடைய மேலதிகாரி சில்வான் மஞ்ஜோனுடையது. அந்தக் கையெழுத்து விழும்வரை சந்தேகம் என்பது இலேனியாவின் சொந்த மனக்கஷ்டம்.

“சம்பளச் சீட்டு அனுப்பியிருக்கானே, பாக்கலயா நீ? எல்லாம் முறையாத்தான இருக்கு.”

“ஒரு வருஷச் சம்பளத்த ஒரே வாரத்துல போடறான், சில்வான்.”

“சிக்கனமான ஆளா இருப்பான்மா. அந்த ஊர்ல பனியத் தவிர செலவழிக்க என்ன இருக்கு?”

“நீங்க உக்காந்திருக்கறதே அந்தக் கிழவங்களோட நாற்காலி.”

சில்வான் குனிந்து பார்த்தார், சக்கரத்துக்கு பிரேக் போட்டார். “இடுப்புக்கு நல்லா இருக்கு, அத சொல்லணும். இந்தா பாரு, இத வெளிய மூச்சு விட்டேன்னா உள்ள போயிடுவ. சந்தேகப்படறோம்னு யாருக்கும் தெரியக்கூடாது, சட்டம்.”

சந்தேகத்துக்கு உள்ளான வாடிக்கையாளருக்குத் துப்புக் கொடுக்கக்கூடாது என்பதுதான் சட்டம். சில்வான் அதைப் பாதிரியாரிடம்கூடச் சொல்லக்கூடாது என்கிற வரைக்கும் நீட்டி வைத்திருந்தார். இலேனியா அவர் பேச்சைக் கேட்கவில்லை. சூதாட்டக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசின் மேற்பார்வை அலுவலகத்துக்கே பஸ் பிடித்துப் போனாள். கவுன்டரில் இருந்த பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்க கம்பெனி அதிகாரி மூலமா அனுப்புங்கம்மா” என்றாள். திரும்பி வந்தவள் யோர்மாவின் கணக்கைத் தானே முடக்கினாள். முக்கிய வாடிக்கையாளர் பிரிவு கூச்சல் போட்டதும் சில்வான் சாப்பாட்டு நேரத்துக்குள் திறந்துவிட்டார். நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்தி யோர்மாவுக்கு ஒரு பன்றித்தொடை அனுப்பி வைக்கப்பட்டது. இலேனியா மேசையில் அறைந்த அறையில் மூன்றாவது மாடியில் விளக்கு அணைந்தது. மின்வாரிய ஆள் வந்து பார்த்து, இது கோபத்தால் ஆனது, எங்கள் பொறுப்பில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் இல்லத்து மூதாட்டி ஹில்க்கா வந்தார், கட்டிலோடு, தூங்கியபடி. கண் விழித்ததும் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துவிட்டு இலேனியாவைப் பார்த்தார்.

“யாருடி நீ? எங்க ஊர் ஏரிய யாரு இவ்ளோ பெருசாக்குனது?”

இலேனியாவுக்கு ஃபின்லாந்து வாடிக்கையாளர்களிடமிருந்து அவர்கள் மொழியில் வசவும் சாக்குப்போக்கும் படிந்திருந்தன. ஹில்க்காவோடு பேச அது தாராளம். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள், அவரவர் கட்டிலோடு, சிலர் பாதி சாப்பாட்டில் கரண்டியோடு. ஈஸ்டருக்குள் இல்லத்தின் ஜன்னல்களும் வந்து சுவரில் பொருந்திக்கொண்டன. அவற்றின் வழியே பார்த்தால் ஸ்லீமாவில் பனி பெய்தது, மற்ற ஜன்னல்களில் வெயில் அடித்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. கூசினியெமியில் வருவதற்குப் பெரிதாக ஒன்றும் பாக்கியில்லை. சூப் மட்டும் வந்தது. அது ஏன் என்று யோர்மாவுக்கே தெரியாது, அதற்குள் அவர் இல்லத்துப் பணத்தைக் கையாடியதற்காகச் சிறையில் இருந்தார்.

யோர்மா பிடிபட்ட மறுநாள் சில்வான் கையெழுத்துப் போட்டார். தாமதத்துக்காக மேற்பார்வை அலுவலகம் அபராதம் விதித்தது. யோர்மா தோற்ற பணத்திலிருந்து கம்பெனி அதை அன்றைக்கே கட்டியது, மிச்சத்தில் ஒரு விருந்தும் வைத்தது. பணத்தைக் கிழவர்களுக்குத் திருப்புவதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. முதியோர் நலனில் அக்கறைக்காக அந்த வருடம் கம்பெனிக்கு ஒரு கேடயம் கிடைத்தது. புகைப்படத்தில் சில்வான் ஹில்க்காவின் தோளில் கை போட்டிருக்கிறார். ஹில்க்கா அதற்கென்றே பல் செட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்திருக்கிறார்.

அபராதம் கட்டிய மறுநாள் காலை, அந்தப் பணம் போய்ச் சேர்ந்த மேற்பார்வை அலுவலகத்தின் வரவேற்புக் கூடத்தில், வயதானவர்கள் பிடித்து ஏறக் கைப்பிடி வைத்த குளியல் தொட்டி ஒன்று இருந்தது. அவர்கள் அதில் மண் நிரப்பிச் செடி வைத்தார்கள். கேள்விப்பட்ட இலேனியா ஆள் கூட்டிக்கொண்டு தூக்கப் போனாள். ஏனென்றால் நான்காவது மாடியில் கைகழுவும் தொட்டிதான் உண்டு, ஹில்க்கா குளித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கவுன்டரில் அதே பெண்.

“தொட்டி உங்களுதுன்னு ஆதாரம் இருக்காம்மா?”

“அந்த இல்லத்து ஜனங்களோடது. அவங்க பணம்.”

“அந்தப் பணம் அவங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஏதாவது காகிதம்?”

வருடக்கணக்காக ஊர் உலகத்தை இலேனியா கேட்ட கேள்வி முதல் தடவையாக அவளிடமே வந்தது. அவள் தொட்டிக்குள் இறங்கி, செடியை வேரோடு பிடுங்கிக் கவுன்டர் மேல் வைத்தாள். மண்ணைக் கையாலேயே அள்ளி அந்தப் பளிங்குத் தரையில் கொட்டினாள். யாரும் தடுக்கவில்லை. அதற்கும் படிவம் இல்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஹில்க்காவும் மற்றவர்களும் பஸ்ஸில் அந்த அலுவலகத்துக்கே குளிக்கப் போகிறார்கள். வாசலில் டோக்கன் கொடுக்கிறார்கள். உரிமம் புதுப்பிக்க வந்த கம்பெனிக்காரர்களோடு துண்டும் சோப்புமாக வரிசையில் உட்கார்கிறார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் இலேனியா முதுகு தேய்த்துவிடுகிறாள். முதல் வாரம் ஹில்க்கா தண்ணீரில் காலை வைத்ததுமே எடுத்துவிட்டார்.

“பச்சத் தண்ணியா இருக்கே. கேக்க ஆளே இல்லையா இங்க?”

இப்போது கவுன்டர் பெண் காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கெட்டிலை வைக்கிறாள்.