ஆர்வில் டிம்ஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை

ஹெட்டி கோவாக் குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சன்செட் சாலையில் ஓடினாள். ஸ்டுடியோவில் ஆர்வில் டிம்ஸ் காலையிலிருந்து செத்துக் கிடந்தார். அது பெரிய விஷயமில்லை. அவர் வாரம் தவறாமல் சாகிறவர்தான். ஆனால் மதியச் சாப்பாடு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. சவ அடக்கக் கடையிலிருந்து இரண்டு பேர் வண்டியோடு வந்து வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருட்டுவதற்குள் எழாவிட்டால் சர்டிபிகேட் எழுதிவிடுவதாக ஸ்டுடியோ டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பேசும் படம் வந்த புதிதில் ஹாலிவுட்டுக்கு வந்த ஆர்வில், முதல் படத்திலேயே கதாநாயகனின் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா வெடித்ததும் சாய்ந்து, உண்மையாகவே இறந்தார். நாடி இல்லை, மூச்சு இல்லை, மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தது. டைரக்டர் பேசில் ட்ராப் பக்கத்தில் மண்டியிட்டு, காதோடு காதாக ‘கட்’ என்றார். கொஞ்ச நேரத்தில் ஆர்வில் எழுந்து, தொப்பியைத் தட்டிக்கொண்டு, டோனட் கேட்டார். அதன் பிறகு அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. குதிரைத் திருடனாகச் செத்தார், வங்கிக் கொள்ளையனாகச் செத்தார், சீட்டில் ஏமாற்றிச் செத்தார், ஒரு முறை பாதிரியாராகவும் செத்தார். பெயர் ஒருவருக்கும் தெரியாது. முகம் நாடு முழுக்கத் தெரியும். உங்களைப் போன வெள்ளிக்கிழமை புதைத்தார்களே என்று டிராம் வண்டியில் பெண்கள் அக்கறையாக விசாரிப்பார்கள். செத்துக் கிடக்கும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது என்று தயாரிப்பாளர் கிராஸ்னிக் வாதாடிப் பார்த்தார். நடிகர் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. உண்மையான லாபம் ட்ராபுக்குத்தான். செத்தவனை எழுப்பும் டைரக்டர் என்று பத்திரிகைகள் எழுதி எழுதி, அவர் நீச்சல் குளம் வைத்த வீடு கட்டினார், மூன்றாவது கல்யாணமும் செய்துகொண்டார். அவர் இல்லாத படத்தில் சாக ஆர்வில் ஒப்புக்கொள்வதே இல்லை.

ஹெட்டி, முதல் படத்திலிருந்தே ட்ராபின் படங்களுக்கு உடை தைப்பவள். கறுப்பு வெள்ளைப் படத்தில் ரத்தம் என்பது சாக்லேட் பாகு. ஆர்வில் போடும் கம்பளி வெயிஸ்ட்கோட்டிலிருந்து அதைத் துவைத்தெடுத்து, குண்டு துளைத்த இடத்தைத் தைத்து, அடுத்த சாவுக்குத் தயார் செய்வது அவள் வேலை. போன சனிக்கிழமை ஆர்வில் தன் ஆப்பிள் பை தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார். “வாரா வாரம் நான் விதவையாகணுமாக்கும்” என்று சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்வதாக நழுவினாள். பதில் சொல்லப் பயந்து, இந்த வாரம் முழுக்கப் படப்பிடிப்புத் தளத்துப் பக்கமே போகவில்லை. இன்று காலை மதுக்கடைக் காட்சியில் ஆர்வில் செத்தார். வழக்கம்போல் மண்டியிட்ட ட்ராப், சட்டென்று சிவந்த முகத்தோடு எழுந்து, காபி ஆறிவிட்டதென்று கிராஸ்னிக்கைத் திட்டி, தொப்பியை மிதித்துவிட்டு வெளியேறினார். ‘கட்’ சொல்லாமலே போய்விட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கேமராக்காரர் சொல்லிப் பார்த்தார். கிராஸ்னிக் சொன்னார். குதிரைக்காரர்கூடச் சொன்னார். ஆர்வில் அசையவில்லை. பாகுக்கு எறும்பு வரத் தொடங்கியது. எறும்பு வந்த செய்தி தையலறைக்கு எட்டியதும் ஹெட்டி ட்ராபைத் தேடி ஓடத் தொடங்கினாள்.

ட்ராப் வைன் தெரு முடிதிருத்தும் கடையில், முகத்தில் சூடான துண்டைப் போட்டு ஒளிந்திருந்தார். ஹெட்டி துண்டை உருவினாள்.

“சார், அந்த ஒத்த வார்த்தையச் சொல்லுங்க. போன்ல சொன்னாலும் போதும், அவர் காதுல வெக்கச் சொல்றேன்.”

“போம்மா. அந்தக் கிராஸ்னிக் மூஞ்சில இனிமே முழிக்க மாட்டேன். காபியா அது, கழுதை மூத்திரம்.”

“அங்க பெட்டிக்கு அளவெடுக்க ஆள் வந்தாச்சு சார்.”

ட்ராப் கண்ணை மூடிக்கொண்டார். ஹெட்டி இடுப்பிலிருந்த துணி வெட்டும் கத்திரியை எடுத்து அவர் மீசைக்கு நேரே பிடித்தாள். முடிதிருத்துபவர் தன் கத்தியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

“சொல்றீங்களா, இல்ல ஒரு பக்கம் எடுத்துடவா?”

“சொன்னேம்மா.” ட்ராபின் குரல் இறங்கிவிட்டது. “காலைல நாலஞ்சு வாட்டி அவன் காதுல சொன்னேன். எந்திரிக்கல. மானம் போயிடும்னுதான் காபியச் சாக்கு வெச்சு ஓடியாந்தேன்.”

“எப்பவும் எந்திரிப்பாரே?”

“என் பேச்சுக்கு எப்ப எந்திரிச்சான் அவன்? நான் கட் சொல்லுவேன், பொணமாத்தான் கிடப்பான். அப்புறம் நீ ஊசியும் கையுமா வந்து, கறையாக்கிட்டியேன்னு கத்துவ. உடனே எந்திரிப்பான். முதல் படத்துலயே கண்டுபிடிச்சிட்டேன். என் நீச்சல் குளமே உன் வாயால வந்தது. அதை வெளிய சொல்ல எனக்கென்ன பைத்தியமா?”

ஹெட்டி திரும்பி வந்தபோது அளவு நாடாவை ஒருவர் தலைமாட்டிலும் ஒருவர் கால்மாட்டிலும் பிடித்திருந்தார்கள். அவள் இருவரையும் விலக்கி, குனிந்து எறும்பைத் தட்டினாள்.

“யோவ், எந்திரி. பாகு காஞ்சு போச்சு. இந்தக் கறை போகலன்னா கல்யாணத்துக்கும் இதைத்தான் மாட்டிக்கணும், சொல்லிட்டேன்.”

ஆர்வில் எழுந்து, தொப்பியைத் தட்டிக்கொண்டு, டோனட் மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். அளவெடுக்க வந்தவர்கள் நாடாவைச் சுருட்டி, ஆளுக்கொரு டோனட் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த வாரம் ஆர்வில் மறுபடி குதிரைத் திருடனாகச் செத்தார். ட்ராப் மண்டியிட்டுக் காதில் ஏதோ முணுமுணுத்தார். ஹெட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஊசியில் நூல் கோத்தபடி தன் முறைக்காகக் காத்திருந்தாள்.